கண் தெரியாதவர் தடைகளில் மோதாமல் நடந்தது எப்படி?

சும்மாகேட்டேன்

2008இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்ததிலிருந்து மண்டைக்குள் குடைகிறது. டி.என். என்ற எழுத்துகளால் மட்டும் குறிப்பிடப்படும் ஒருவர். தொழில் மருத்துவம். அடுத்தடுத்து இரண்டு முறை ஸ்ட்ரோக் வந்து, மூளையின் பின்பகுதி இரு பக்கமும் சேதமாகி, பார்வை முழுசாகப் போய்விட்டது. வெளியே போக வேண்டுமென்றால் கையில் கோல் வேண்டும். அவரை ஒரு நீண்ட நடைவழியில் நிறுத்தி, கோலை வாங்கி வைத்துக்கொண்டு, நேராக நடங்கள் என்றார்கள். வழியில் பெட்டிகள், நாற்காலிகள் என்று குறுக்கே போட்டிருந்தார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை. மனிதர் உடம்பைச் சாய்த்து, ஒதுங்கி, ஒன்றிலும் இடிக்காமல் மறுமுனைக்குப் போய்விட்டார். எதையும் சுற்றிக்கொண்டு வந்தோம் என்ற உணர்வுகூட அவருக்கு இல்லையாம்.

இது நிஜமா? நிஜமென்றால் பார்த்தது யார்?

பழையவாத்தியார்

நிஜம்தான். பியாட்ரிஸ் டி கெல்டர் என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர் செய்தது. டி.என். தடுக்கி விழுந்தால் பிடித்துக்கொள்ள ஒருவர் பின்னாலேயே நடந்து வந்தார். அவர் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ். இப்படி மூளை சேதமான பிறகும் மிஞ்சும் பார்வையை ஆராயும் துறையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர்.

உடலியல் பாடம் எடுத்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டி.என்.னின் கண்களில் கோளாறு இல்லை. விழித்திரை வேலை செய்தது, பார்வை நரம்பும் வேலை செய்தது. போனது பிடரிப் பக்கம் இருக்கும் முதன்மைப் பார்வைப் புறணி (புறணி என்றால் மூளையின் மேலடுக்கு), சுருக்கமாக வி1. இது போனால் பார்வை போனது என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். அந்த அளவில் அது தப்பும் இல்லை.

ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பாதை ஒன்றல்ல. ஒவ்வொரு பார்வை நரம்பிலும் சுமார் பத்து லட்சம் இழைகள் உண்டு. ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மூளையின் நடுவே உள்ள தலாமஸ் பகுதியில் இருக்கும் எல்.ஜி.என். என்ற நிலையத்துக்குப் போய், அங்கிருந்து வி1க்குப் போகிறது. மிச்சம் வேறு வேறு திசைகளில் பிரிகிறது. அதில் முக்கியமானது நடுமூளையில் உள்ள சுப்பீரியர் கொலிக்குலஸ். ஓரத்தில் எதாவது அசைந்தால் யோசிப்பதற்கு முன்பே கண்ணும் தலையும் அந்தப் பக்கம் திரும்புகிறதே, அந்த வேலையில் இதற்குப் பெரிய பங்கு. தவளை, மீனுக்கெல்லாம் இதே பகுதிதான் தலைமைப் பார்வை நிலையம். நமக்குப் புறணி பெரிதாக வளர்ந்த பிறகும் பழைய நிலையத்தை யாரும் இழுத்து மூடவில்லை.

இன்னொரு குறுக்குவழியும் இருக்கிறது. எல்.ஜி.என்.னிலிருந்து கொஞ்சம் இழைகள் வி1ஐத் தொடாமலேயே, அசைவைக் கணிக்கும் எம்.டி. என்ற பகுதிக்கு நேராகப் போகின்றன. 2010இல் குரங்குகளில் செய்த சோதனையில், வி1 இல்லாத நிலையில் எல்.ஜி.என்.னையும் தற்காலிகமாக முடக்கியபோது மிச்சமிருந்த பார்வைத் திறனும் காணாமல் போனது. 2015இல் மனிதர்களை ஸ்கேன் செய்து பார்த்ததில், இந்தத் திறன் உள்ளவர்களுக்கு எல்.ஜி.என்.–எம்.டி. இணைப்பு சேதமில்லாமல் இருந்தது. திறன் இல்லாதவர்களுக்கு அது பழுதாகியிருந்தது அல்லது கண்டுபிடிக்கும்படி இல்லை. வி1 போன எல்லோருக்கும் இது வாய்க்காததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

வி1 போன பிறகும் மிஞ்சும் இந்தத் திறனுக்குப் பெயர் பிளைண்ட்சைட், அதாவது குருட்டுப் பார்வை. 1974இல் வைத்தது.

குட்டிச்சுவர்

காலையில் அலாரம் அடித்ததும் கண்ணைத் திறக்காமலே அணைக்கிறேனே, நானும் டி.என். தானா?

சந்தேகச்சாமி

வாத்தியார் ஐயா அழகாகச் சொன்னார். ஆனால் நடைவழிக் கதையை அப்படியே விழுங்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு மனிதர். நடைவழி என்றால் சுவர், தரை, காலடிச் சத்தம். பெட்டி இருக்கும் இடத்தில் எதிரொலி மாறாதா? பார்வை போன பிறகு காதைக் கூர்மையாக்கிக்கொள்வது யாரும் செய்வதுதானே. அதைக் கேட்டே ஒதுங்கியிருக்கலாம். போதாக்குறைக்குப் பின்னால் வேறு ஒருவர் நடந்து வருகிறார்!

பழையவாத்தியார்

நியாயமான கேள்வி. நடைவழி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. பழைய சோதனைகளுக்குப் போக வேண்டும். அங்கே சத்தத்துக்கு வேலையே இல்லை.

1973இல் டி.பி. என்ற ஒருவருக்கு, ரத்தக்குழாய்ப் பின்னல் ஒன்றை எடுப்பதற்காக மூளையின் வலது பின்பகுதியில் அறுவை செய்தார்கள். பார்வைப் புலத்தின் இடது பாதி போய்விட்டது. வைஸ்கிரான்ட்ஸும் எலிசபெத் வாரிங்டனும் அவரைச் சோதித்தார்கள். இருண்ட பாதியில் ஓர் ஒளிப்புள்ளியைக் காட்டி, எங்கே என்று கையை நீட்டுங்கள் என்றால், எனக்குத்தான் எதுவும் தெரியவில்லையே என்பார். பரவாயில்லை, யூகித்துச் சொல்லுங்கள் என்றால் கை ஏறத்தாழச் சரியான இடத்துக்குப் போகும். கோடு கிடையா நெட்டையா, காட்டியது எக்ஸா ஓவா என்பதிலும் குருட்டாம்போக்கில் கிடைப்பதைவிட ரொம்ப அதிகமாகச் சரி. முடிவைக் காட்டியபோது அவருக்கே ஆச்சரியம். வெறும் யூகம்தான் என்று சாதித்தார்.

சாமி அடுத்து என்ன கேட்பார் என்று தெரியும். ஒளி சிதறி நல்ல பாதியில் பட்டிருக்கலாமே என்பார். அதற்கும் ஒரு கெட்டிக்காரச் சோதனை செய்தார்கள். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. எல்லோருக்கும் இருக்கும் குருட்டுப்புள்ளி அது. டி.பி.க்கு அது இருண்ட பாதிக்குள் விழுந்தது. அங்கே ஒளி பட்டபோது அவரால் யூகிக்க முடியவில்லை. பக்கத்தில் பட்டபோது முடிந்தது. சிதறிய ஒளிதான் காரணம் என்றால் இரண்டும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும்.

ஹெலன் என்ற குரங்கையும் சொல்லிவிடுகிறேன். வைஸ்கிரான்ட்ஸின் ஆய்வகத்தில் 1965இல் அதன் பார்வைப் புறணியை எடுத்துவிட்டார்கள். அது முழுக் குருடு என்றே நினைத்தார்கள். மாணவராக வந்த நிக்கோலஸ் ஹம்ஃப்ரி அதோடு உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தார். சில வருடங்களில் அது தடைகள் நிறைந்த அறையில் மோதாமல் ஓடியது, தரையில் கிடக்கும் துணுக்குகளைப் பொறுக்கியது. பயந்துபோனால் மட்டும் மறுபடி இருட்டில் தடவுவதுபோல் ஆகிவிடும். எனக்கு இதில் பிடித்ததே அந்தக் கடைசித் தகவல்தான்.

செவிவழி

இந்த இழையைத் திரைவாசிப்பான் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். சாமி சொன்ன எதிரொலி விஷயத்தை அவ்வளவு லேசாகத் தாண்டிப் போக வேண்டாம், அது தனியாகவே பெரிய கதை.

நாக்கைச் சொடுக்கி வரும் சத்தத்தை வைத்து முன்னால் சுவரா, கம்பமா, திறந்தவெளியா என்று என்னால் சொல்ல முடியும். சொடுக்காவிட்டாலும் சுவர் நெருங்கினால் தெரியும். சின்ன வயதில் அது முகத்தில் படுவதாகவே எனக்குத் தோன்றும். நெற்றியில் ஒரு மெல்லிய அழுத்தம் மாதிரி. பார்வையில்லாத பலர் இதையேதான் சொல்வார்கள். முகத்தால் பார்ப்பது என்றே ஒரு காலத்தில் இதைக் குறிப்பிட்டார்கள்.

1944இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சூப்பா, காட்ஸின், டாலன்பாக் மூவரும் இதைச் சோதித்தார்கள். பார்வையில்லாத இருவர், கண்ணைக் கட்டிக்கொண்ட பார்வையுள்ள இருவர். முகத்தை மூடினாலும் தடையைக் கண்டுபிடித்தார்கள். காதை அடைத்ததும் நேராகப் போய் மோதினார்கள். ஆக, அது முழுக்கக் காதின் வேலை. ஆனால் அதைச் செய்துகொண்டிருந்தவர்களுக்கே எந்தப் புலன் வழியாகச் செய்தி வருகிறது என்று தெரியவில்லை. டி.என். கதையைவிட எனக்கு இதுதான் விசித்திரம். தகவல் வந்து சேர்ந்துவிட்டது, எந்த வழியாக வந்தது என்பது மட்டும் தெரியாது.

இன்னொன்று: 2011இல் லோர் தாலர் குழுவினர் எதிரொலியால் இடமறியும் பார்வையற்ற இருவரை ஸ்கேனரில் வைத்து, சொடுக்கும் எதிரொலியும் கலந்த பதிவுகளைக் கேட்க வைத்தார்கள். எதிரொலியால் தூண்டப்பட்டது பார்வைப் புறணி. டி.என்.னுக்குப் போன அதே வட்டாரம்தான். அப்படியானால் அது போனவர் எதிரொலியை எங்கே வைத்துக் கணக்குப் போடுவார்? சாமி, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சந்தேகச்சாமி

செவிவழி மேடம், கடைசிக் கேள்வியில் என்னை மடக்கிவிட்டீர்கள். கேட்டு நடந்தார் என்பதை வாபஸ் வாங்க மாட்டேன், ஆனால் அது எளிய விளக்கம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். இந்த எதிரொலி வித்தை பார்வையுள்ளவர்களுக்கும் வருமா?

செவிவழி

வரும். 2021இல் தாலர் குழு 10 வாரம் பயிற்சி கொடுத்தது. பார்வையுள்ளவர்கள், இல்லாதவர்கள் இரு தரப்பும் இருந்தார்கள், 21 வயதிலிருந்து 79 வயது வரை. இரு தரப்பும் தேறினார்கள். வயது பெரிய தடையாக இல்லை. ஆனால் தரைமட்டத்தில் இருக்கும் குழியோ படியோ எதிரொலியில் சரியாகச் சிக்காது. யாரும் கோலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

அம்மாவாகியநான்

இதைப் படித்ததும் ஒரு சந்தேகம். பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிட்டுப் புத்தகம் படிக்க வைக்கிறோம், நடுமூளையைத் தூண்டுகிறோம் என்று வகுப்பு நடத்துகிறார்களே. வாத்தியாரும் நடுமூளை என்கிறார். அப்போது அது உண்மைதானா?

பழையவாத்தியார்

இல்லை அம்மா. பிளைண்ட்சைட் வேலை செய்யக் கண் திறந்திருக்க வேண்டும், வெளிச்சம் விழித்திரையில் பட வேண்டும். கண்ணைக் கட்டினால் நடுமூளைக்குப் போவதற்கு அங்கே எதுவும் இல்லை. அப்படியே போனாலும் நடுமூளைக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. டி.பி. பெரிய உருவங்களை, பளிச்சென்றவற்றை, அசைகிறவற்றைத்தான் பிடித்தார்.

அந்தப் பிள்ளைகள் மூக்கின் ஓரத்து இடுக்கு வழியாகக் கீழே பார்க்கிறார்கள். மேஜிக் செய்பவர்களுக்குப் பழகிய வழி. புத்தகத்தை முகத்துக்கு நேராக, நெற்றி உயரத்தில் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பணத்தைக் கட்டுவதற்கு முன்பு பாருங்கள்.

சந்தேகச்சாமி

இந்த ஒரு விஷயத்தில் நானும் வாத்தியாரும் ஒரே கட்சி.

சரி, என் நிஜமான சந்தேகம் வேறு. பார்வை மிஞ்சியிருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அது "உணர்வில்லாத பார்வை" என்று எப்படி முடிவு கட்டினார்கள்? 1983இலேயே கேம்பியன், லாட்டோ, ஸ்மித் மூவரும் இதைக் கேட்டுவிட்டார்கள். 2021இல் இயன் பிலிப்ஸ் என்ற தத்துவ ஆய்வாளர் மறுபடி தூக்கிப் பிடித்திருக்கிறார்.

விஷயம் இதுதான். "ஏதாவது தெரிந்ததா?" என்று கேட்டால் ஒவ்வொருவரும் மனதில் ஒரு கோடு வைத்துக்கொண்டுதான் பதில் சொல்வோம். கோட்டுக்கு மேலே இருந்தால் ஆமாம், கீழே என்றால் இல்லை. பார்வை கெட்டுப்போனவர், முன்பு பார்த்ததோடு ஒப்பிட்டு, அந்தக் கோட்டை உயரத்தில் வைத்திருப்பார். மங்கலாக ஏதோ தட்டுப்பட்டாலும் "இதெல்லாம் பார்வையா" என்று இல்லை என்பார். ஆனால் "மேலேயா கீழேயா, ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்" என்று கேட்டால் கோட்டுக்கே வேலையில்லை. மங்கலான அந்தச் செய்தியை வைத்தே சரியாகச் சொல்லிவிடுவார். இரண்டு கேள்விக்கும் பதில் முரண்படுவதால் மட்டும் உணர்வு இல்லை என்று ஆகிவிடாது. கெட்டுப்போன, ரொம்பவும் மங்கலான, ஆனால் உணர்வோடு கூடிய பார்வையாகவே அது இருக்கலாம்.

ஜி.ஒய். என்ற புகழ்பெற்ற நோயாளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 8 வயதில் விபத்து, இடது வி1 போய்விட்டது. வேகமாக எதாவது அசைந்தால் தனக்குத் தெரிகிறது என்பதை அவரே சொல்கிறார். வெயிலுக்குக் கண்ணை மூடியிருக்கும்போது முன்னால் ஒருவர் கையை ஆட்டினால் எப்படித் தெரியுமோ அப்படி என்று விவரித்திருக்கிறார். இது எப்படி உணர்வில்லாத பார்வை ஆகும்?

பழையவாத்தியார்

அதனால்தான் வைஸ்கிரான்ட்ஸே பின்னாளில் இரண்டு வகையாகப் பிரித்தார். எந்த உணர்வும் இல்லாதது முதல் வகை. பார்க்கவில்லை, ஆனால் ஏதோ நடந்தது என்று தெரிகிறது என்பது இரண்டாவது. ஜி.ஒய். இரண்டுக்கும் இடையில் போய்வருவார்.

உங்கள் கோட்டுக்கு ஒரு பதில் கோவி, ஸ்டோரிக் இருவரும் 1995இல் குரங்குகளை வைத்துச் செய்தது. ஒரு பக்கம் வி1 எடுக்கப்பட்ட குரங்குகள். இருண்ட பாதியில் ஒளி வந்தால் அந்த இடத்தைத் தொட வேண்டும் என்றபோது அநேகமாகத் தப்பே செய்யவில்லை. அடுத்து, "ஒளி வரவில்லை" என்று சொல்வதற்கும் ஒரு பொத்தான் கொடுத்தார்கள். இப்போது இருண்ட பாதியில் ஒளி வந்தால் குரங்குகள் அந்தப் பொத்தானையே அழுத்தின. முந்தைய சோதனையில் சரியாகத் தொட்ட அதே மாதிரி ஒளியைத்தான் வரவில்லை என்றன.

சந்தேகச்சாமி

குரங்குக்கும் ஒரு கோடு இருக்குமே ஐயா. நல்ல பாதியில் தெரியும் பளிச் ஒளியோடு ஒப்பிட்டால் இது வெறுமைக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது, அதனால் அந்தப் பொத்தான். அழகான சோதனைதான், ஆனால் என் கேள்வியை அது மூடவில்லை.

பழையவாத்தியார்

மூடவில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் டி.என். விஷயத்தில் உங்கள் வாதம் சற்றுத் திணறும். அவருக்கு ஒப்பிடுவதற்கு நல்ல பாதி என்று ஒன்று கிடையாது, இரண்டு பக்கமும் போச்சு. அவரிடம் 2005இல் அலன் பெக்னா குழு முகப் படங்களைக் காட்டியது. கோபமா மகிழ்ச்சியா என்று கேட்டால் தற்செயலைவிட அதிகமாகச் சரியாகச் சொன்னார். ஆணா பெண்ணா என்றால் முடியவில்லை. வட்டமா சதுரமா என்றாலும் முடியவில்லை. மங்கலான பொதுப் பார்வை என்றால் வட்டமும் சதுரமும் அல்லவா முதலில் தெரிய வேண்டும்? ஸ்கேனில், உணர்ச்சி காட்டும் முகங்களைக் கண்டதும், மூளையில் உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவின் வலது பக்கம் தூண்டப்பட்டது.

சந்தேகச்சாமி

ம். இது கொஞ்சம் உறைக்கிறது. யோசிக்க விடுங்கள்.

இடப்பக்கம்

ஸ்ட்ரோக்கில் எனக்கு இடது பாதி போய்விட்டது. இரண்டு கண்ணிலும் இடது பாதி. இதைப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இடது கண் குருடா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

உங்கள் வாக்குவாதம் சுவாரஸ்யமாக இருக்கிறது, ஆனால் உள்ளே இருந்து பார்க்கிறவனாக ஒன்று. அந்தப் பக்கம் கறுப்பாக இல்லை. மங்கலாகவும் இல்லை. உங்களுக்கு முதுகுப் பக்கம் எப்படி இருக்கிறதோ அப்படி. அங்கே ஒன்றுமே இல்லை. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வேன், தட்டில் இடப்பக்கம் வைத்ததை மிச்சம் வைப்பேன். ஆனால் ஒரு முறை இடது பக்கத்திலிருந்து பந்து வந்தபோது சட்டென்று குனிந்துவிட்டேன். ஏன் குனிந்தேன் என்று அப்போது தெரியவில்லை. சத்தம் கேட்டிருக்கலாம், சாமியோடு சண்டைக்கு வரவில்லை.

என் கேள்வி: இதைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா? டாக்டர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

விழித்திரை

கண் மருத்துவப் பிரிவில் பார்வைப் புலம் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

இருண்ட பாதியிலும் அசைவு மட்டும் தட்டுப்படுவதை முதல் உலகப் போரில் தலையில் அடிபட்ட வீரர்களிடம் ஜார்ஜ் ரிடாக் கவனித்து 1917இல் எழுதினார். இப்போதைய பயிற்சிகளும் அசைவை வைத்துத்தான். ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிரிஸ்டல் ஹக்ஸ்லின் குழு, இருண்ட பகுதியின் எல்லையோரத்தில் அசையும் புள்ளிகளைக் காட்டி, எந்தத் திசை என்று நாள்தோறும் சொல்ல வைக்கிறது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் செய்தால் அந்த இடத்தில் அசைவை இனம்காணும் திறன் திரும்புகிறது. எங்கே பயிற்சி கொடுத்தோமோ அங்கேதான் முன்னேற்றம், பாதி முழுவதும் விழித்துக்கொள்ளாது. ஸ்ட்ரோக் வந்த முதல் மூன்று மாதத்துக்குள் தொடங்கியவர்கள் வேகமாகத் தேறினார்கள். நாள்பட்டவர்களுக்கும் கிடைக்கிறது, மெதுவாக. ஆய்வில் இருந்தவர்கள் எண்ணிக்கை சிறியது.

அன்றாட வாழ்க்கைக்கு உடனே உதவுவது வேறு: கண்ணையும் தலையையும் வேண்டுமென்றே இடப்பக்கம் திருப்பித் துழாவும் பழக்கம். கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் கதவு நிலைக்கு அதுதான் மருந்து. வண்டி ஓட்டுவது பற்றி நீங்களே முடிவெடுக்காதீர்கள். ஒரு பந்துக்குக் குனிந்துவிட்டோம் என்று சாலையில் நம்பிப் போக முடியாது.

இடப்பக்கம்

நன்றி. தலையைத் திருப்பச் சொல்லி வீட்டில் தினமும் திட்டு வாங்குகிறேன். இனி மருத்துவக் காரணத்தோடு வாங்கிக்கொள்கிறேன்.

சும்மாகேட்டேன்

மூளையில் அடிபடாத சாதாரண ஆட்களுக்கு இப்படி வருமா?

பழையவாத்தியார்

செயற்கையாக வரவழைக்கலாம். தலைக்கு வெளியே காந்தத் துடிப்பு கொடுத்து வி1ஐ ஒரு கணம் குழப்பிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துக் காட்டிய கோட்டின் சாய்வையோ நிறத்தையோ, பார்க்கவே இல்லை என்று சொன்னவர்களும் தற்செயலைவிட அதிகமாகச் சரியாக யூகித்தார்கள். 2005இல் வெளிவந்தது. சாமியின் கோட்டு வாதம் இதற்கும் பொருந்தும், அவர் வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

இதன் மறுபக்கம் டி.எஃப். என்ற பெண்மணி. 1988இல் கார்பன் மோனாக்சைடு விஷவாயுவால் பாதிக்கப்பட்டவர். வி1 பெரும்பாலும் தப்பித்தது, மூளையில் வேறு இடம் சேதமானது. ஒரு துவாரம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது. ஆனால் கையில் அட்டையைக் கொடுத்து அதில் போடச் சொன்னால் மணிக்கட்டைச் சரியாகத் திருப்பிப் போட்டுவிடுவார். குட்ஏல், மில்னர் இருவரும் இதிலிருந்துதான், பொருளை இனம்காண ஒரு பாதை, கையைக் காலை வழிநடத்த இன்னொரு பாதை என்ற கருத்துக்கு வந்தார்கள். நாம் எல்லோரும் நாள் முழுக்க இரண்டாவது பாதையை நம்பித்தான் நடக்கிறோம். அது தனியாக மாட்டிக்கொண்டால்தான் கண்ணில் படுகிறது.

செவிவழி

எனக்கு ஒரு கேள்வி மிச்சம். நீங்கள் சொன்னவர்கள் எல்லோருக்கும் கண் நன்றாக இருந்து மூளையில்தான் சேதம். விழித்திரையே போன எங்களைப் போன்றவர்களுக்கு வெளிச்சத்தால் எந்தப் பயனும் இல்லையா? எனக்கு வெளிச்சமும் இருட்டும் ஒன்றுதான். இரவுத் தூக்கம் மட்டும் ஒழுங்காக வருகிறது. என் தோழிக்கு வருவதில்லை, அவள் தூக்கம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகிறது.

விழித்திரை

இது நல்ல கேள்வி மேடம், இழையின் தலைப்புக்கும் பொருந்தும். விழித்திரையில் பார்ப்பதற்கு ஒளியைப் பிடிக்கும் கூம்பு, கோல் செல்களைத் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி உள்ள கொஞ்சம் நரம்புச் செல்களும் உண்டு. நீல ஒளியில், 480 நானோமீட்டர் வாக்கில், அவை நன்றாகத் தூண்டப்படும். உருவம் காட்டுவது அவற்றின் வேலை இல்லை. இப்போது பகலா இரவா என்று மூளையின் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புவதுதான் அவற்றின் வேலை. கூம்பும் கோலும் அழிந்த பிறகும் சிலருக்கு இவை பிழைத்திருக்கும்.

1995இல் சார்ல்ஸ் சைஸ்லர் குழு, வெளிச்சமே உணராத சிலரின் கண்ணில் பிரகாசமான ஒளி காட்டியபோது ரத்தத்தில் மெலடோனின் என்ற இரவு நேர ஹார்மோன் குறைந்ததைக் காட்டியது. கண்ணை மூடி மறைத்தபோது குறையவில்லை. 2007இல் இன்னொரு குழு, அப்படிப்பட்ட ஒருவரிடம் விளக்கு எரிகிறதா இல்லையா என்று யூகிக்கச் சொன்னது; நீல ஒளிக்கு மட்டும் அவர் சரியாகச் சொன்னார். டி.பி. கதை மாதிரியே, ஆனால் இது கண்ணுக்குள்ளேயே நடப்பது.

உங்களுக்கு அந்தச் செல்கள் இருக்கலாம், தோழிக்கு இல்லாமல் இருக்கலாம். இங்கிருந்து சொல்ல முடியாது. அவர் தூக்கக் கோளாறு பார்க்கும் மருத்துவரிடம் போகட்டும், பார்வையற்றவர்களுக்கு வரும் இந்த வகைக் கோளாறுக்கு மருந்து உண்டு. இன்னொன்று, வலியோ தோற்றமோ காரணமாகக் கண்ணை எடுத்துவிடலாமா என்ற பேச்சு வந்தால், தூக்கம் எப்படி என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். பார்வை இல்லாத கண்தானே என்று எடுத்த பிறகு கடிகாரம் தடம்புரண்டால் திருப்பி வைக்க முடியாது.

செவிவழி

தோழியிடம் இன்றே சொல்கிறேன். அவளுக்குச் செயற்கைக் கண்தான், இரண்டு பக்கமும்.